சித்தேரிக்கு ஏறிய இயந்திரம்

தானிப்பாடி சாலை

தானிப்பாடியைத் தாண்டியதும் நெல் வயல்கள் குறைந்து மரவள்ளிக் காடுகள் தொடங்கிவிடுகின்றன. தை மாதத்து வெயில். ஆனால் காற்றில் மார்கழி இன்னும் மிச்சம் இருந்தது. வண்டியின் பின்புறம் தார்ப்பாய் போர்த்திக் கயிறு இறுக்கி ஓர் இயந்திரமும் எங்களோடு வந்தது. வேகத்தடை வரும்போதெல்லாம் நண்பர் கழுத்தைத் திருப்பி அதைப் பார்த்துக்கொண்டார்.

நண்பர் சென்னைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் பேராசிரியர். மாணவர்களோடு சேர்ந்து சாமைக்கு உமி நீக்கும் சின்ன இயந்திரம் ஒன்றை உருவாக்கியிருக்கிறார். வீட்டு மின்சாரத்தில் ஓடும், இரண்டு பேர் தூக்கிவிடலாம். அதன் சுழல் தட்டு அமைப்புக்குக் காப்புரிமையும் வாங்கியாகிவிட்டது. சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் கல்லூரி முதல்வர் அறையில் தொங்குகிறது. இயந்திரம்தான் இன்னும் ஒன்றுகூட விற்கவில்லை.

"ஆராய்ச்சி முடிஞ்சுபோச்சு, இனி வியாபாரம்தான் பாக்கி" என்று புறப்படும்போதே சொல்லிவிட்டார். சாமை விளைகிற மலையிலேயே ஓட்டிக் காட்டவேண்டும் என்று சித்தேரியைத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான். எனக்கு மலையைப் பார்க்கிற ஆசை. ஒட்டிக்கொண்டேன்.

வரும் வழியில் திருவண்ணாமலைப் பக்கம் அத்தியந்தல் வந்தது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கும் ஊர். 2019-இல் ஏடிஎல் 1 என்ற சாமை ரகம் இங்கிருந்து வெளிவந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பையூர் நிலையத்தின் பெயரோடு வழங்கும் பையூர் 2 அதற்கு மூத்தது. "இவங்களுக்கு நம்மளை மாதிரி கவலை கிடையாது, விதையைக் கொடுத்தா அதுவே நடந்து போயிரும்" என்றார் நண்பர், கொஞ்சம் பொறாமையோடு.

உண்மைதான். இயந்திரத்தை ஒவ்வொன்றாகச் செய்து விற்கவேண்டும். விதை தானே பெருகும். உழவர் தன் விளைச்சலில் விதை எடுத்து வைக்கலாம், மறுபடி விதைக்கலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம், வணிகப் பெயர் அச்சிட்ட பொட்டலமாக மட்டும் விற்கக்கூடாது என்கிறது 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம். சாலையோரத்து மரவள்ளியையே எடுத்துக்கொள்ளலாம். திருவனந்தபுரத்தில் உள்ள மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 1971-இல் வெளியிட்ட எச்-226 ரகம் சேலம், தருமபுரி வட்டாரத்துச் சேகோ ஆலைகளுக்குத் தீனி போட்ட ரகங்களில் ஒன்று. குச்சியை வெட்டிப் பக்கத்துக் காட்டுக்காரருக்குக் கொடுத்தால் போதும், ரகம் அடுத்த ஊருக்குப் போய்விடும். குச்சிக்கு இத்தனை ரூபாய் உரிமத்தொகை என்று கேட்டுக்கொண்டு எந்த விஞ்ஞானியும் வரப்பில் வந்து நிற்கமுடியாது. பொதுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சி, பொதுவில் போய்ச் சேர்ந்தது. இதையும் வணிகமாக்கல் என்றுதான் நான் சொல்வேன். கல்லூரிகளின் ஆண்டறிக்கையில் இதற்கு ஒரு கட்டம் கிடையாது என்பது வேறு விஷயம்.

அரூர்

அரூரில் ராகிக் களி சாப்பிட்டோம். மொச்சைக்கொட்டைக் குழம்பு, தொட்டுக்கொள்ளப் பச்சை மிளகாயும் வெங்காயமும். கடைக்காரர் களியை உருண்டையாகத் தட்டில் இறக்கிவிட்டு நடுவில் விரலால் ஒரு குழி அழுத்தி அதில் குழம்பை ஊற்றினார். சென்னையில் ராகி என்றால் மருத்துவர் சொல்லிச் சாப்பிடுவது. இங்கே பசிக்குச் சாப்பிடுகிறார்கள். 2023-இல் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டத்தை அரசு முதலில் தொடங்கியது நீலகிரியிலும் இந்தத் தருமபுரி மாவட்டத்திலும்தான்.

சாப்பிட்டு வெளியே வந்தால் எதிரே உரக்கடை. அலமாரியில் தென்னை டானிக், பயறு ஒண்டர் பொட்டலங்கள். இரண்டும் வேளாண் பல்கலைக்கழகத்தின் கண்டுபிடிப்புகள். நண்பர் விடவில்லை, உள்ளே போய்க் கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தார். "இதை யார் கண்டுபிடிச்சதுன்னு வாங்க வர்றவங்க கேக்கிறாங்களா?"

"அதெல்லாம் யாருங்க கேக்கிறா? குரும்பை கொட்டுறது நிக்குமான்னு கேப்பாங்க. போன தடவை நின்னிருந்தா இந்தத் தடவை கேக்காம வாங்கிட்டுப் போவாங்க."

அரூர்ச் சந்தைக்கு மஞ்சளும் வருகிறது. கூட்டுறவுச் சங்கத்தில் ஏலம் நடக்கும். மூட்டைகளைக் கடக்கும்போது எனக்கு மிசிசிப்பி ஞாபகம் வந்தது. மஞ்சள் தூள் காயத்தை ஆற்றும் என்பதற்கு 1995-இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியது அங்குள்ள மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையம். நம் சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல்களையும் ஆய்வேடுகளையும் ஆதாரமாகக் காட்டி எதிர்த்தது. 1997-இல் அந்தக் காப்புரிமை ரத்தானது. பல்கலைக்கழகம் தன் கண்டுபிடிப்பை விற்பது நல்ல காரியம்தான். ஆனால் எது தன்னுடையது என்று முதலில் தெரிந்திருக்கவேண்டும்.

அடிவாரம்

அரூரிலிருந்து தெற்கே போகப் போக மலை வரிசை கிட்டே வருகிறது. இந்த மலையடிவாரத்தில்தான் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டையைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்த ஊர். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடிவதற்குள் இறந்துவிட, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011-இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

சந்தனம் இந்த மலையில் விளைந்த பொருள். அதன் பேரில் மலையடிவாரத்து மக்களுக்குக் கிடைத்தது இது. மலையிலிருந்து ஒரு பொருளையோ ஓர் அறிவையோ கீழே இறக்கிக் காசாக்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டு வாச்சாத்திப் பக்கமாகப் போகிறவர்கள் இதை நினைக்காமல் போகமுடியாது. வண்டியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

மலைப்பாதை

ஏற்றம் தொடங்கியதும் ஓட்டுநர் பாட்டை நிறுத்தினார். வளைவுகளில் ஹாரன் சத்தம் கேட்கவேண்டுமாம். கீழே முள்ளும் புதருமாக இருந்த காடு மேலே போகப் போக மரக்காடாக மாறியது. மூங்கில், புங்கன், நெல்லி, கடுக்காய். கடுக்காயும் புளியும் தேனும் சீமாற்றுப் புல்லும்தான் மலைக்காரர்களுக்குக் கைக்காசு. அழுத்தம் கொடுத்து ஏறும் வண்டியில் பின்னால் இயந்திரம் ஒருமுறை 'டங்' என்றது. நண்பர் முகம் வெளுத்தது. இறங்கிப் பார்த்தால் ஒன்றுமில்லை, ஸ்பேனர் டப்பா உருண்டிருக்கிறது.

எனக்குச் சென்னை ஞாபகம் வந்தது. நான் வசிப்பது தரமணிக்குப் பக்கம். தினமும் ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆராய்ச்சிப் பூங்காவின் கண்ணாடிக் கட்டடங்களைக் கடந்துதான் போகிறேன். 2010-இல் தொடங்கிய இடம். பேராசிரியர், மாணவர், முதலீட்டாளர், நிறுவனம் எல்லோரும் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்குகிற ஏற்பாடு. ஐ.ஐ.டி.யிலிருந்து கிளம்பிய கதைகள் சிறியவை அல்ல. ஐ.ஐ.டி.யில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-இல் தொடங்கிய ஏத்தர் நிறுவனத்தின் மின் ஸ்கூட்டர்கள் இப்போது ஓசூரில் தயாராகின்றன. அரூர்க் கடைவீதியிலேயே ஒன்று நின்றது. பேராசிரியர் டி. பிரதீப் வெள்ளி நுண்துகள்களைக் கொண்டு குடிநீரிலிருந்து பூச்சிமருந்து எச்சத்தை நீக்கும் வழியைக் கண்டுபிடித்தார், யுரேகா ஃபோர்ப்ஸ் 2007-இல் அதை வடிகட்டியாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது, ஐ.ஐ.டி.க்கு உரிமத்தொகை வந்தது.

இந்த இரண்டையும் ஒன்றாகச் சொல்வது வழக்கம். எனக்கு அவை இரண்டு வேறு வழிகளாகவே தெரிகின்றன. பிரதீப் வழியில், ஏற்கெனவே வீடு வீடாகக் கதவைத் தட்டி விற்கத் தெரிந்த ஒரு நிறுவனத்திடம் பேராசிரியர் தன் வேதியியலை ஒப்படைத்தார். அவர் விற்பனைக்காரர் ஆகவேண்டியிருக்கவில்லை. ஏத்தர் வழியில், படித்து முடித்த பிள்ளைகள் வேறு வேலையைப் பார்க்காமல் இதையே வாழ்க்கையாக்கிக்கொண்டார்கள். என் நண்பருக்கு இரண்டும் இல்லை. சாமை இயந்திரத்தை வாங்கிப்போட்டு விற்கப் பெரிய நிறுவனம் எதுவும் காத்திருக்கவில்லை. அவருடைய மாணவர்கள் தேர்வு முடிந்த மறுமாதமே மென்பொருள் நிறுவனங்களுக்குப் போய்விட்டார்கள். வேலையை விடுவதைப் பற்றி அவர் மனைவியிடம் பேச எனக்குத் தைரியம் இல்லை.

மேலே ஏறிய பிறகு குளிர் உறைக்கத் தொடங்கியது.

சித்தேரி

சித்தேரி ஊராட்சி என்பது அறுபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள். சில சாலையோரம், சில ஒற்றையடிப் பாதையில் நடந்து போய்ச் சேரவேண்டியவை. அரசநத்தம், கலசப்பாடி போன்ற ஊர்கள் சாலைக்காகப் பல்லாண்டுகள் மனு கொடுத்துக் காத்திருந்தவை. இங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் என்று கதை சொல்கிறார்கள். ஒருவர் சேர்வராயன் மலைக்கும் ஒருவர் கொல்லிமலைக்கும் ஒருவர் பச்சைமலைக்குமாகப் பிரிந்து போனார்களாம்.

நாங்கள் போய் இறங்கியது சுய உதவிக் குழு அக்கா ஒருவரின் வீட்டு வாசலில். சாணம் மெழுகிய வாசல், ஓரத்தில் உரல். திண்ணையில் மூட்டையாகச் சாமை. ஐப்பசி, கார்த்திகையில் அறுத்தது. மதியம் சாமைச் சோறும் கொள்ளு ரசமும் கீரைக் கடைசலும் போட்டார்கள். சென்னைக் கடையில் வாங்கி நான் ஆக்கிய சாமைச் சோறு எப்போதும் மாவாகக் குழைந்துபோகும். இது உதிரி உதிரியாக, ஒரு மாதிரி புகை வாசனையோடு இருந்தது. கேட்டதற்கு, "குத்தின அன்னிக்கே ஆக்கணும் சார். நீங்க கடையில வாங்குறது எப்ப குத்தினதோ!" என்றார் அக்கா. அவர் சொன்னதில் நியாயம் உண்டு. உமி நீங்கிய சாமையில் தவிட்டின் எண்ணெய் காற்றுப் பட்டுக் கசக்கத் தொடங்கும், வாரக்கணக்கில்தான் தாங்கும். உமியோடு வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது.

அதனால்தான் உமி நீக்குவது விளைகிற இடத்திலேயே நடக்கவேண்டும் என்பார் நண்பர். நடைமுறை வேறு. தமிழ்நாட்டு மலைகளின் சாமை வியாபாரிகள் கைக்குப் போய், அதில் பெரும்பங்கு மகாராஷ்டிரத்து நாசிக் ஆலைகள் வரை பயணம் செய்து, அரிசியாகித் திரும்பி வந்த காலம் உண்டு. மலைக்காரர் அதே சாமையை உமியோடு குறைந்த விலைக்கு விற்றுவிட்டு, ரேஷன் அரிசி சாப்பிட்டார். உரலில் குத்துவது பெண்களின் தோள்பட்டையைத் தின்கிற வேலை; யாருக்கும் அதில் ஆசை இல்லை.

மறுநாள் காலை இயந்திரத்தை வாசலில் இறக்கினோம். அக்கம்பக்கத்துப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர், பள்ளிக்குப் போகாத பிள்ளைகள், கைத்தடியோடு ஒரு தாத்தா. நண்பர் விளக்கினார்: மேலே தானியத்தைக் கொட்டினால் உள்ளே சுழலும் தட்டு அதை வீசி எறியும், சுற்றியிருக்கும் வளையத்தில் மோதி உமி பிளக்கும், காற்றாடி உமியை ஊதித் தள்ளும். சாமை மணி ரொம்பச் சின்னது. ஆயிரம் மணி சேர்ந்தாலும் இரண்டு, மூன்று கிராம்தான். நெல்லுக்கான ரப்பர் உருளை ஆலையில் போட்டால் நழுவி ஓடிவிடும். அதனால்தான் இந்த வீச்சு முறை. சுழற்சி வேகம் கூடினால் மணி உடைந்து நொய்யாகும், குறைந்தால் உமி போகாது. இந்த நடுவேகத்தைப் பிடிப்பதுதான் காப்புரிமையின் சாரம்.

சுவிட்சைப் போட்டார். ஓடியது. கீழே விழுந்ததை அக்கா உள்ளங்கையில் ஏந்தி ஊதினார். பாதி மணிக்கு உமி அப்படியே இருந்தது.

நண்பர் வேகத்தைக் கூட்டினார். நொய் விழுந்தது. குறைத்தார். உமி போகவில்லை. மின்னழுத்தம் குறைவு என்றார், கருவியை வைத்து அளந்தார். அளவு குறைவுதான், ஆனால் அது காரணமாகத் தெரியவில்லை. அக்கா மூட்டையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து முன்பல்லால் கடித்தார். "நமுத்திருக்கு சார். ராத்திரி பனி. ரெண்டு மணி நேரம் வெயில்ல போட்டா 'டிக்'னு ஒடையும்."

தானியத்தைப் பாயில் பரப்பிவிட்டு எல்லோரும் போய்விட்டார்கள். நண்பர் திண்ணையில் உட்கார்ந்து ஈரப்பத விழுக்காட்டைக் கணக்குப் போட்டார். சோதனைகள் நடந்ததெல்லாம் சமவெளியில், குளிர்சாதன அறைக்குப் பக்கத்தில். மலைப் பனி அந்த ஆய்வறிக்கையில் இல்லை. உச்சி வெயிலுக்குப் பிறகு மறுபடி ஓட்டியபோது இயந்திரம் ஒழுங்காக வேலை செய்தது. வெள்ளையும் சாம்பலுமாகச் சாமை அரிசி கொட்டியது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். நண்பரும் சிரித்தார்.

அப்போதுதான் ஒரு பாட்டி கேட்டார்: "சரி சாமி, கல்லை எடுக்குமா?"

எடுக்காது. களத்திலும் தார்ச்சாலையிலும் போட்டு அடிக்கிற தானியத்தில் மண்ணும் பொடிக்கல்லும் கலந்துவிடுகின்றன. சாமை மணி அளவுக்கே இருக்கும் கல்லைச் சல்லடை பிரிக்காது, காற்றும் ஊதாது. வியாபாரி விலையைக் குறைப்பது அதைச் சொல்லித்தான். உமி நீக்கிக் கொடுத்தாலும் கல் இருந்தால் கடைக்காரர் வாங்கமாட்டார். பாட்டி முறத்தை எடுத்தார். முதலில் புடைத்தார், உமியும் தூசியும் பறந்தன. பிறகு முறத்தின் முன்பக்கத்தைச் சற்றே தூக்கி, மணிக்கட்டை மட்டும் ஆட்டி, சின்னச் சின்னத் தட்டலாக நேம்பினார். அரிசி ஒரு பக்கம் வழிந்து ஓடியது. கல் தனியாக ஓர் ஓரத்தில் ஒதுங்கிச் சேர்ந்தது. கண்ணில் புரை விழுந்த பாட்டி. பார்த்துச் செய்யவில்லை, கை உணர்ந்து செய்தது.

நண்பர் கைப்பேசியைக் கிட்டே கொண்டுபோய் மெதுவோட்டத்தில் படமெடுத்தார். பெரிய ஆலைகளில் இருக்கும் கல் நீக்கும் இயந்திரமும் இதே கணக்கில்தான் ஓடுகிறது: சரிந்த அதிரும் தட்டு, கீழிருந்து காற்று, லேசான தானியம் மிதந்து கீழே சரியும், கனமான கல் தட்டோடு ஒட்டி மேலே ஏறும். "இதைச் சின்னதாப் பண்ணினா போதும்" என்று அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. உடனே இன்னொன்றும் சொன்னார்: "ஆனா இதுல காப்புரிமை ஒண்ணும் கிடைக்காது. எல்லாமே தெரிஞ்ச விஷயம்."

எனக்குப் பயணத்தின் முக்கியமான இடமே இதுதான். காப்புரிமை உள்ள பொருளை மலை கேட்கவில்லை. மலை கேட்ட பொருளில் காப்புரிமை இல்லை. பல்கலைக்கழகங்கள் எண்ணிக் காட்டுவது முதலாவதை. 2021-இல் கல்வி நிறுவனங்களுக்கான காப்புரிமைக் கட்டணத்தை அரசு 80 விழுக்காடு குறைத்தது. விண்ணப்பிப்பது எளிதானது, நல்லதுதான். ஆனால் விண்ணப்பம் தரமதிப்பீட்டுக்கு மதிப்பெண் சேர்க்கும் காகிதமாகவும் ஆகிப்போனது. யாரும் வாங்காத பொருளுக்கு இருபது ஆண்டு ஏகபோக உரிமை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இதை வேறு மாதிரி செய்தவர்களும் உண்டு. கனடாவின் ஐ.டி.ஆர்.சி. நிதியுதவியோடு மதுரைத் தானம் அறக்கட்டளையும் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் மெக்கில் பல்கலைக்கழகமும் சிறுதானிய இயந்திரங்களில் வேலை செய்தபோது, இயந்திரம் செய்யும் பட்டறைக்காரர்களையும் கூடவே வைத்துக்கொண்டார்கள். கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பெண்கள் குழுக்கள் கையிலேயே அரவை இயந்திரத்தைக் கொடுத்துச் சாமையையும் தினையையும் பொட்டலமாக்கி விற்கவைத்தது. பெல்ட் அறுந்தால் யாரைக் கூப்பிடுவது என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இருந்தது. சித்தேரி அக்கா நண்பரிடம் கேட்ட கடைசிக் கேள்வியும் அதுதான். அவர் தன் கைப்பேசி எண்ணைக் கொடுத்தார். "நீங்க காலேசுக்குப் போயிட்டா?" என்றார் அக்கா.

ஒரு வளவு

சாயங்காலம் கைத்தடித் தாத்தா எங்களைத் தன் வளவுக்கு அழைத்துப் போனார். பத்துப் பன்னிரண்டு வீடுகள், நடுவே ஒரு பலா மரம். வழியெல்லாம் இலைகளைக் கிள்ளிக் காட்டிக்கொண்டே வந்தார். இது வயிற்றுக்கு, இது மாட்டுக்கு மடி வீங்கினால், இது பாம்புக்கு. நண்பர் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தார். தாத்தா நின்றுவிட்டார்.

"காலேசுப் பிள்ளைங்க நெறைய வந்து எழுதிட்டுப் போயிருக்காங்க சாமி. எழுதுறதுல ஒண்ணும் இல்ல. திரும்பி யாரும் வரலை, அதான்."

சித்தேரி மலையின் மூலிகைகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் பல வந்திருக்கின்றன. தாவரப் பெயர், குடும்பம், பயன்படும் பாகம், எந்த நோய்க்கு என்று அட்டவணையாக. அச்சானதும் அது உலகத்துக்கே பொது. ஆய்வாளரும் அதன்மேல் காப்புரிமை கேட்கமுடியாது, தாத்தாவும் கேட்கமுடியாது. முதலில் வெளியிட்டுவிட்டுப் பிறகு விண்ணப்பிக்கப் போய் ஏமாறும் பேராசிரியர்கள் நம்மிடம் ஏராளம். இந்தியச் சட்டம் அதற்குத் தரும் விலக்குகள் மிகக் குறுகலானவை.

திரும்பி வந்தவர்களின் கதை ஒன்று உண்டு, தாத்தாவிடம் சொன்னேன். 1987-இல் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்து அகத்தியர் மலையில் டாக்டர் புஷ்பாங்கதன் குழுவினர் தாவரம் தேடி ஏறினார்கள். வழிகாட்டிகளாக வந்த காணிப் பழங்குடியினர் ஏதோ ஒரு காயை மென்றுகொண்டு களைக்காமல் நடந்தார்கள். விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்கியது. அது என்னவென்று காணிகள் லேசில் சொல்லவில்லை. வற்புறுத்திய பிறகுதான் ஆரோக்கியப்பச்சை என்ற செடியைக் காட்டினார்கள். பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா நிறுவனம் அந்தச் செடியின் இலையோடு வேறு மூன்று மூலிகைகளைச் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995-இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய ஃபார்மஸிக்கு ஏழு ஆண்டு உரிமம். பத்து லட்சம் ரூபாய் கட்டணம், விற்பனையில் இரண்டு விழுக்காடு உரிமத்தொகை. இரண்டிலும் பாதி காணிகளுக்கு. பணத்தைப் பெற 1997-இல் காணிகள் பெயரில் ஓர் அறக்கட்டளை. 1999-இல் முதல் தொகையாக ஐந்து லட்சத்துக்கு மேல் அதில் சேர்ந்தது. உயிரியல் பல்வகைமைச் சட்டம் வந்தது 2002-இல். சட்டம் வருவதற்கு முன்பே மனசாட்சியால் செய்த பங்கீடு அது. உலகம் பாராட்டியது.

"அப்புறம்?" என்றார் தாத்தா.

அப்புறம் எல்லாம் இனிப்பாக இல்லை. செடி காட்டு மர நிழலில்தான் செழிக்கும். காணிகள் பயிரிட்டு இலை விற்கப் போனபோது வனத்துறை தடுத்தது. வெளிநாடுகளில் பெயரைப் பதிந்து வைக்காததால் அமெரிக்க நிறுவனம் ஒன்று 'ஜீவனி'யைத் தன் வணிகக் குறியாகப் பதிந்துகொண்டது. உரிமக் காலம் முடிந்தபின் வேகம் குறைந்தது.

தாத்தா சிரித்தார். "காட்டுக்காரங்க எல்லா மலையிலயும் ஒண்ணுதான் போல." காட்டுக்காரர் என்று அவர் சொன்னது வனத்துறையை.

இன்று சட்டம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பல்லுயிர் வளம் சார்ந்த மரபறிவின் மேல் அந்தச் சமூகத்துக்கு அறிவுசார் சொத்துரிமை உண்டு என்றே சொல்கிறது. தேசிய உயிரியல் பல்வகைமை ஆணையத்தின் அலுவலகம் இருப்பது எங்கள் தரமணியில்தான். ஆராய்ச்சிப் பூங்காவுக்கு வெகு தூரமில்லை. சித்தேரியிலிருந்து இரண்டும் ஒரே தூரம்.

மஞ்சவாடி கணவாய்

மலையிறங்கிப் பாப்பிரெட்டிப்பட்டி வழியாகச் சேலத்துக்குப் போனோம். மஞ்சவாடி கணவாயில் வண்டி வளைந்து இறங்கும்போது நண்பர் சட்டம் பேசினார். அமெரிக்காவில் 1980-இல் பே-டோல் சட்டம் வந்த பிறகு அரசுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சியின் உரிமையைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொள்ள முடிந்தது. அங்கே உரிமம் விற்கும் அலுவலகங்கள் பெருகின. அதைப் பார்த்து நாமும் 2008-இல் ஒரு மசோதா கொண்டுவந்தோம், 2014-இல் திரும்பப் பெற்றோம். 2019-இல் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் ஒரு கொள்கை வெளியிட்டது. அதன்படி ஆசிரியர் நிறுவனம் தொடங்கலாம், பங்கு வைத்துக்கொள்ளலாம், அதற்காக விடுப்பும் எடுக்கலாம். கல்லூரி தன் வசதிகளைக் கொடுத்ததற்கு 2 முதல் 9.5 விழுக்காடு வரை பங்கு கேட்கலாம்.

"உங்க காலேஜ் இதை ஏத்துக்கிச்சா?"

"ஏத்துக்கிட்டு ஃபைல் போட்டாச்சு" என்றார்.

சேலம்

இயந்திரத்தின் உடலை வார்த்துக் கொடுத்தது சேலத்துப் பட்டறை ஒன்று. லேத் சத்தத்துக்கு நடுவே நின்ற முதலாளி எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு டீ சொன்னார். பத்தாம் வகுப்பு வரை படித்தவர்; நண்பரின் வரைபடத்தில் இருந்த ஒரு தாங்கியை அவரே மாற்றிப்போட்டிருக்கிறார். அது நல்ல மாற்றம் என்று நண்பரும் ஒப்புக்கொண்டிருக்கிறார். பாட்டியின் முறம் ஆடும் படத்தைக் காட்டினோம். மூன்று முறை போட்டுப் பார்த்தார்.

"இதைப் பண்ணலாம் சார். உமி எடுக்கிற மெஷின் பாதிப் பேருக்குத்தான் வேணும். கல் எடுக்கிறது கடலைக்காரன், கொள்ளுக்காரன், மளிகைக்காரன் எல்லாருக்கும் வேணும். பத்து உருப்படிக்கு ஆர்டர் புடிச்சுக் கொடுங்க, அச்சுக் காசு நான் போட்டுக்கிறேன். சித்தேரிக்கு ரெண்டு, அரூர்ல ஒரு பையனுக்கு ரிப்பேர் சொல்லிக் கொடுத்துடறேன். பெல்ட்டும் பேரிங்கும் அரூர்க் கடையில கிடைக்கிற சைஸாவே வெச்சுருவோம்."

பங்குப் பேச்சு வந்தது. உருப்படிக்கு இவ்வளவு என்று கல்லூரிக்கு, இவ்வளவு நண்பருக்கு. முதலாளி அட்டை கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதினார். நண்பர் பேனாவை வாங்கிக் கீழே இன்னொரு வரி சேர்த்தார்: சித்தேரி பெண்கள் குழு, உருப்படிக்கு நூறு ரூபாய்.

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். "அவங்க என்ன சப்ளை பண்றாங்க?"

"அந்தச் சாய்மானம் அவங்களுது."

"அதை பில்லுல என்னன்னு போடுறது சார்? ஜிஎஸ்டிக்காரன் கேப்பானே."

நண்பர் யோசித்தார். ஆலோசனைக் கட்டணம் என்று போடலாமா என்றார். அதற்குக் குழுவின் பெயரில் வங்கிக் கணக்கும் பான் எண்ணும் வேண்டுமே என்றார் முதலாளி. கணக்கு இருக்கும், பான் இருக்கிறதா தெரியவில்லை. நண்பர் அங்கேயே நின்று சித்தேரி அக்காவுக்குப் போன் போட்டார். மலையில் சிக்னல் கிடைக்கவில்லை. மறுபடி போட்டார்.